பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரிக்கு ஒரு நாள்: எந்தப் பயணத்தில் சேருவது, எதைக் கேட்டு வாங்குவது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் அப்பா அம்மாவோடு நான்கு நாள் பாங்காக் வருகிறீர்கள். ஒரு நாளை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட மரண ரயில்பாதைக்கும், அதில் வரும் குவாய் பாலத்துக்கும் ஒதுக்க ஆசை. ஹோட்டலில் மூன்று பேக்கேஜ் காட்டினார்கள்: பாலமும் மிதக்கும் சந்தையும், பாலமும் ரயிலும் யானையும், பாலமும் ரயிலும், அந்தப் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாயும். அப்பாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. வீட்டில் எல்லோரும் சைவம். எதை எடுப்பது?

முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுங்கள். மூன்றாவதை எடுக்கலாம், ஆனால் பணம் கட்டும் முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் மூன்று பேருக்குத் தனி வண்டி கட்டுப்படியாகும் என்றால் அதுதான் இன்னும் நல்லது. ஏன் என்று சொல்கிறேன். பதினோரு வருடம் பாங்காக்கில் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். எத்தனை முறை போனேன் என்று எண்ணியதில்லை.

தூரத்தை முதலில் மனதில் வையுங்கள். பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி ஏறக்குறைய 130 கி.மீ., இரண்டு, இரண்டரை மணி நேரம். ஹெல்ஃபயர் கணவாய் அங்கிருந்து இன்னும் 80 கி.மீ. தள்ளி, மியன்மார் எல்லையை நோக்கிப் போகும் 323ஆம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஆக, வண்டியிலேயே ஏழு மணி நேரம் போய்விடும். மிச்சம் இருப்பதில் மிதக்கும் சந்தையையோ யானையையோ சேர்த்தால் என்ன ஆகும்? நான் முதல் முறை அப்படி ஒரு மலிவுப் பயணத்தில்தான் சிக்கினேன். காலையில் சந்தையில் இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு ரத்தினக் கல் கடையில் முக்கால் மணி நேரம், போர்க் கல்லறையில் பதினைந்து நிமிடம். வழிகாட்டி கையில் கொடியோடு, "போட்டோ, போட்டோ, அப்புறம் பஸ்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த கால அட்டவணை அப்படி.

பாலத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கும். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஹாலிவுட் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பெரும்பாலானோர் வருகிறார்கள். அந்தப் படத்தை எடுத்தது தாய்லாந்திலேயே இல்லை, இலங்கையில், களனி ஆற்றின் மேல் கித்துல்கலவில். இன்னொரு வேடிக்கை, நிஜப் பாலம் நின்ற ஆற்றுக்கு அப்போது மே க்லோங் என்று பெயர். படம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் "குவாய் ஆறு எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே க்வே யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தாய் மொழியில் க்வே என்றால் கிளையாறு. நாம் சொல்லுகிற மாதிரி குவாய் என்று இழுத்துச் சொன்னால் எருமை. டிரைவர் சிரித்தால் காரணம் இதுதான்.

பாலம் இரும்புப் பாலம். வளைந்த சட்டங்களை ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து 1943இல் பொருத்தினார்கள். போர் முடியும் தறுவாயில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுச் சில கண்களை உடைத்தன. நடுவில் இரண்டு கண்கள் மட்டும் வளைவில்லாமல் சதுரமாக இருக்கும். அவை போருக்குப் பின் மாற்றியவை. வழிகாட்டி சொல்லாவிட்டாலும் இதை நீங்களே அப்பாவுக்குக் காட்டலாம். பாலத்தின் மேல் நடக்கலாம். இன்றும் ரயில் ஓடுகிற பாதை, ரயில் வந்தால் ஒதுங்கி நிற்க ஓரத்தில் சிறு மேடைகள் உண்டு. அரை மணி நேரம் போதும். சுற்றிலும் டி-ஷர்ட் கடைகள், முத்துக் கடைகள், ஐஸ்க்ரீம். ஒரு நாள் முழுக்க இதற்கு மட்டும் வருவது வீண்.

ரயில்பாதையின் கதை தெரிந்தால்தான் மற்ற இடங்கள் பேசும். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்டது. அங்கிருக்கும் படைக்குச் சாமான் அனுப்ப மலாக்கா நீரிணையைச் சுற்றிக் கப்பலில் போக வேண்டும், அங்கே நேச நாட்டு நீர்மூழ்கிகளின் பயம். அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கி.மீ. காட்டையும் மலையையும் வெட்டி மீட்டர் கேஜ் பாதை போட முடிவு செய்தார்கள். 1942 நடுவில் இரு பக்கத்திலிருந்தும் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கோயிதா என்ற இடத்தில் தண்டவாளங்கள் சந்தித்தன. பதினாறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000க்கும் அதிகமான போர்க் கைதிகள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, கொஞ்சம் அமெரிக்கர்கள், இதில் வேலை செய்தார்கள். 12,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள். பேக்கேஜ் வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கைதிகளைவிட மூன்று மடங்கு ஆட்கள் ஆசியக் கூலிகள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர். மொத்தம் இரண்டு லட்சம் வரை என்றும், அதில் தொண்ணூறாயிரம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்றும் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல் கொண்டுபோனார்கள், அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லித்தான் ஆரம்பத்தில் கூட்டினார்கள். போனவர்கள் திரும்பாததால் ஆள் சேரவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுத் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று பிடித்துக் கொண்டுபோனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள் என்று மலேசியத் தோட்டப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சயாமுக்கு, அதாவது அன்றைய தாய்லாந்துக்குப் போனவர் என்றால் அங்கே எல்லோருக்கும் அர்த்தம் புரியும்.

கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், யார் செத்தார் என்று ஒளித்து வைத்தாவது ஏடு எழுதினார்கள். கூலிகளுக்கு அதெல்லாம் எதுவும் கிடையாது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது. பெயர் எழுத ஆளில்லை. பயணத்தில் நீங்கள் பார்க்கப் போகிற கல்லறைக்கும், பார்க்க முடியாத கல்லறைகளுக்கும் வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

காஞ்சனபுரி ஊருக்குள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, டோன் ராக் என்கிற போர்க் கல்லறை. 6,982 பேர். புல்வெளியில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு, பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 27. சிலவற்றில் வீட்டார் எழுதிய ஒரு வரி. அவசரப்படாமல் பத்து கல்லையாவது வாசியுங்கள். இரண்டு குழிகளில் மட்டும், காலராவில் செத்து எரிக்கப்பட்ட முந்நூறு பேரின் சாம்பல். தாய்லாந்தில் முஸ்லிம் மயானங்களில் புதைக்கப்பட்ட இந்தியப் படைவீரர்கள் 11 பேரின் பெயர்களும் அங்கே பொறித்திருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

கல்லறைக்கு எதிரிலேயே தாய்லாந்து-பர்மா ரயில்பாதை மையம் என்ற அருங்காட்சியகம். 2003இல் திறந்தது. ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர், பாதையின் தடத்தைக் காட்டுக்குள் நடந்தே அளந்து ஆராய்ந்தவர், உருவாக்கியது. என் கணக்கில் இந்தப் பயணத்தின் மூளை இதுதான். பாதை எப்படி மலையில் ஏறி இறங்கியது, எந்த முகாமில் எத்தனை பேர், என்ன தின்றார்கள், எந்த நோய், எல்லாம் நிதானமாகச் சொல்லும். ஆசியக் கூலிகளையும் விடாமல் கணக்கில் வைத்துப் பேசுகிற இடம். மாடியில் காபி குடித்துக்கொண்டே கல்லறையைப் பார்க்கலாம், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வசதி. பல பேக்கேஜ்கள் இதை விட்டுவிட்டு, பாலத்துக்குப் பக்கத்திலோ ஆற்றங்கரைக் கோயிலிலோ இருக்கும் வேறு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகும். கோயிலில் இருக்கும் ஜீத் அருங்காட்சியகம் 1977இல் தொடங்கியது, கைதிகளின் மூங்கில் குடிசையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அது மோசமில்லை, கண்ணுக்கு ஒரு படம் கிடைக்கும். பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பது கதம்பக் கடை மாதிரி, நேரம் இருந்தால் மட்டும். ஆகவே "மியூசியம் உண்டு" என்று பேக்கேஜ்காரர் சொன்னால் எந்த மியூசியம் என்று கேளுங்கள். அதுதான் முதல் கேள்வி.

ஹெல்ஃபயர் கணவாய்க்கு எவ்வளவு நேரம் என்பது இரண்டாவது கேள்வி. நாற்பது நிமிடம் என்றால் வேண்டாம். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். 1998இல் ஆஸ்திரேலிய அரசு கட்டிய விளக்க மையம் மேலே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டி தருகிறார்கள், அங்கே வேலை செய்த கைதிகளின் குரலிலேயே கேட்கலாம். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் கேட்டு அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

கணவாய் என்றால் இயற்கைக் கணவாய் இல்லை. பாறையை வெட்டிய பிளவு. ஒருவர் இரும்புத் துளைக்கம்பியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். அடிக்கு அடி கம்பியைத் திருப்ப வேண்டும். துளை ஆழமானதும் வெடிமருந்து வைத்து வெடிப்பார்கள். சிதறிய கல்லைக் கையாலும் கூடையாலும் அள்ளிக் கொட்டுவார்கள். 1943 ஏப்ரலில் வேலை தொடங்கியது. பாதையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஜப்பானியர் விரட்டிய காலம் அது. "ஸ்பீடோ" என்று அதட்டிக்கொண்டே இருப்பார்கள், அந்தச் சொல்லே அந்த மாதங்களுக்குப் பெயராகிவிட்டது. ராத்திரியிலும் வேலை. மூங்கில் நெருப்பும் எண்ணெய் விளக்கும் எரிய, எலும்பும் தோலுமான மனிதர்களின் நிழல் பாறையில் ஆட, மேலிருந்து பார்த்தவர்களுக்கு நரகம் மாதிரித் தெரிந்ததாம். பெயர் அப்படி வந்தது. பாறைச் சுவரில் துளைத் தடங்கள் இன்றும் இருக்கின்றன. உடைந்த துளைக்கம்பி ஒன்று பாறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகு அருங்காட்சியகத்தில் படித்ததெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும்.

அப்பாவுக்குச் சிக்கல் இங்கேதான். மையத்திலிருந்து பாறைப் பிளவுக்கு நிறையப் படிகள் இறங்க வேண்டும். இறங்குவதைவிட ஏறுவது கொடுமை. அவர் மேலேயே மையத்திலும் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடையிலும் உட்காரட்டும். நீங்களும் அம்மாவும் போய் வாருங்கள். வற்புறுத்தாதீர்கள். ஒருமுறை என் மாமாவைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன், மேலே கொண்டுவர ஒரு மணி நேரம், மதிய ரயில் போயே போய்விட்டது.

ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய பாதையில் இன்று ஓடுவது நாம் டோக் வரை 130 கி.மீ.தான், அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. பார்க்க வேண்டிய பகுதி தாம் கிராசே என்ற இடத்தில் வரும் மரப்பாலம். ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் கீழே க்வே நோய் என்ற இன்னொரு கிளையாறு, நடுவில் மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போகும். நாம் டோக் நோக்கிப் போகும்போது ஆறு இடது கையில். திரும்பும்போது வலது. மூன்றாம் வகுப்பு, ஜன்னல் திறந்தது, வெளிநாட்டவருக்கு 100 பாட். நேரம் இருந்தால் இறங்கி, பாதையை ஒட்டிய குகையையும் பார்க்கலாம். பேக்கேஜ்காரர் ரயிலுக்கு என்று தனியாகப் பெரிய தொகை கேட்டால், அது டிக்கெட்டின் விலை இல்லை என்பது தெரிந்திருக்கட்டும்.

இனி, எந்தப் பேக்கேஜிலும் இல்லாத இடம். என் மனைவியின் பெரியப்பா மலேசியாவில் பேராக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அவரை டோன் ராக் கல்லறைக்கு அழைத்துப் போனேன். வரிசை முழுக்க நடந்தார். பொறுமையாக வாசித்தார். பிறகு வழிகாட்டியிடம் என் மூலமாகக் கேட்டார்: "நம்ம ஆளுங்க எங்க?" வழிகாட்டிக்குக் கேள்வி புரிந்தது, பதில் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை. இத்தனை முறை வந்தவன் என்ற பெயர் வேறு.

பதில் அந்தக் கல்லறைச் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாட் தாவோன் வராராம் என்று ஒரு கோயில், வியட்நாமியர் கட்டியது, ஊரார் வாட் யுவான் என்பார்கள். போருக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் தோண்டியெடுத்த ஆசியக் கூலிகளின் எலும்புகளை அங்கே அடக்கம் செய்து நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். 1990இல் கூட ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2023இல் அதே கோயில் வளாகத்தில் தமிழர்களுக்கு என்று ஒரு நடுகல் நட்டார்கள். தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தாரும் மலேசியத் தமிழர்களும் முன்னின்று செய்தது, தமிழ்நாட்டு அரசும் நிதி உதவி செய்தது. கல்லறையிலிருந்து நடந்தே போகலாம். பெரியப்பா அந்த நடுகல்லைப் பார்க்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில், 1944இல் ஜப்பான் ராணுவமே கட்டிய நினைவுத் தூண். வேலையில் செத்தவர்களுக்காக என்று பல மொழிகளில் கல்வெட்டு வைத்தார்கள், அதில் தமிழும் ஒன்று. கொன்றவர்களே பொறித்து வைத்த தமிழ். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வண்டி பாலத்தடியில் நிற்கும்போது பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, தனி வண்டி எடுத்தால் நாளை இப்படி அமையுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, காஞ்சனபுரியில் நிற்காமல் நேராக ஹெல்ஃபயர் கணவாய். ஒன்பதரைக்குள் சேர்ந்துவிடுவீர்கள், வெயில் ஏறும் முன் படிகள் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி வாக்கில் நாம் டோக்கில் கிளம்பும் ரயிலைப் பிடித்து, தாம் கிராசே தாண்டி காஞ்சனபுரி வரை வாருங்கள். வண்டியை முன்னால் அனுப்பி நிலையத்தில் நிற்கச் சொல்லுங்கள். இந்த ரயில்கள் தாமதமாவது சகஜம், நேரத்தை முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மூன்று மணிக்கு அருங்காட்சியகம், கல்லறை, கோயில், மூன்றும் ஒரே இடம். பாலத்தைக் கடைசியில் வையுங்கள், மாலை வெயிலில்தான் அது அழகாக இருக்கும். பேக்கேஜ்காரர்கள் காலையில் பாலத்துக்குப் போவதால் அந்நேரம் கூட்டமும் குறைவு. எட்டு, எட்டரைக்கு ஹோட்டல். வெள்ளி, ஞாயிறு மாலைகளில் பாங்காக் நுழைவுப் பாதையில் நெரிசல், அதைத் தவிர்த்து வேறு நாளாகப் பாருங்கள். நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் பாலத்தடியில் ஒளி-ஒலி விழா நடக்கும். பார்க்கப் பிடிக்கும் என்றால் ஒரு ராத்திரி தங்குங்கள், ஒரு நாள் பயணத்தில் அதை நுழைக்காதீர்கள்.

பணம் கையைக் கடித்தால் பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன் கிளம்பும் சாதாரண ரயிலே போதும். பத்தரை, பதினொன்றுக்குக் காஞ்சனபுரி. ஹெல்ஃபயர் கிடைக்காது, ஆனால் நான் சொன்ன ஊர்ப் பகுதி முழுவதும் நிதானமாகப் பார்த்துவிட்டு மதிய ரயிலில் திரும்பலாம். இதற்கு வழிகாட்டி தேவையில்லை, அருங்காட்சியகமே வழிகாட்டி.

சாப்பாடு: "சைவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் மீன் சாஸ் ஊற்றிய காய்கறி வரும். "கின் ஜே" என்று சொல்லுங்கள், மீன் சாஸ், முட்டை இரண்டும் இல்லாமல் தருவார்கள். பூண்டு வெங்காயமும் இருக்காது, அப்பாவுக்குச் சப்பென்று இருக்கும். ஒரு ஊறுகாய்ப் பாக்கெட் எடுத்துப் போங்கள். தொப்பி, தண்ணீர், ஹெல்ஃபயருக்குப் பிடிமானமுள்ள செருப்பு.

டிரைவரிடமோ வழிகாட்டியிடமோ கோயில் பெயரை முதல் நாளே சொல்லிவிடுங்கள், "வாட் தாவோன், டோன் ராக் கல்லறைக்குப் பக்கம்" என்று. அன்றைக்குப் போய்ச் சொன்னால், அது அட்டவணையில் இல்லை, வேறு பெரிய கோயில் காட்டுகிறேன் என்பார்கள். காட்ட வேண்டாம், நாங்களே நடந்து போய் வருகிறோம், கல்லறை வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள் என்றால் ஒத்துக்கொள்வார்கள்.